சனிக்கிழமை வகுப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. எனக்கு அவன் இன்னும் ‘டேய்’தான். ஒரு பல்கலைக்கழகத்து நாடகத்துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறான். அரங்க அமைப்பும் ஒளி அமைப்பும் அவன் எடுக்கும் பாடங்கள். மற்ற நேரத்தில் நாடகக் குழுக்களுக்கு செட் போட்டுக் கொடுக்கிறான். காபி குடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்த பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“சார், ரெண்டுல ஒண்ணை விட்டுறலாம்னு இருக்கேன். எதை விடட்டும்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம் இருக்கிறது. இவனுக்குப் பதினேழு வயதில் ஒருமுறை பதில் சொல்லி, அது தப்பாகப் போனவன் நான்.

என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக 32 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் ஆண்டு விழா என்றால் மேடை என் பொறுப்பு. சவுக்குக் கம்பு நட்டு, மூங்கில் தட்டி கட்டி, அதன் மேல் காடாத்துணி இழுத்து அடிப்போம். வஜ்ஜிரத்தைக் காய்ச்சிப் பவுடர் கலரில் கலந்து பூசுவோம். அந்த வஜ்ஜிர நாற்றம் மூன்று நாளைக்குக் கையை விட்டுப் போகாது. சோறு பிசைந்தாலும் அதே வாசம்தான்.

ஒரு வருஷம் கட்டபொம்மன் நாடகம். தர்பார் காட்சிக்கு ஆறு தூண் வரைந்தோம். கிட்டே நின்று பார்த்தால் பிரமாதம். இவன் அப்போது பிளஸ் டூ. மைதானத்தின் கடைசிக்குப் போய், மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு ஓடி வந்தான். “சார், அங்க உட்கார்ந்தா ராஜா தலை தூணுக்குள்ள போயிடுது. ரெண்டு தூணை எடுத்துட்டா ராஜா பெருசாத் தெரிவார்” என்றான். இரண்டு நாள் வேலையை எடுக்கச் சொல்கிறானே என்று கோபம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. நான் படம் வரைந்திருந்தேன். அவன் பார்க்கிறவனின் கண் எங்கே இருக்கிறது என்று யோசித்திருந்தான்.

அந்த வருஷக் கடைசியில் வந்து, “சார், நாடகம் படிக்கப் போறேன்” என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதெல்லாம் சோறு போடாதுடா. ஓவிய ஆசிரியர் பயிற்சியில சேரு. கவர்ன்மெண்ட் வேலை வந்த பிறகு மேடை, கீடை எல்லாம் வச்சுக்கலாம்.”

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். மூன்று வருஷம் பேச்சில்லை. பிறகு புதுச்சேரியிலிருந்து ஒரு கார்டு வந்தது. நாடகத்துறையில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தான். கீழே சின்னதாக இரண்டு தூண் வரைந்திருந்தான்.

இப்போது அவன் கஷ்டத்தைச் சொல்கிறேன். சம்பளம் எடுக்கும் மணிக்கணக்குக்குத்தான். கோடை விடுமுறையில் வகுப்பு இல்லை, பணமும் இல்லை. ஒரு குழுவுக்கு செட் போட வெளியூர் போக வேண்டும் என்று மூன்று நாள் விடுப்புக் கேட்டால், “சொந்த வேலைக்கெல்லாம் லீவு கிடையாது” என்று பதில். வருஷக் கடைசியில் ஒரு படிவம் தருவார்களாம். எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கம், எத்தனை புத்தகம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அந்த வருஷம் அவன் நான்கு நாடகங்களுக்கு அரங்கம் அமைத்திருந்தான். அதை எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.

“எல்லாக் கட்டத்துலயும் ‘இல்லை’ன்னு எழுதிக் கொடுத்தேன் சார்” என்றான்.

இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். எனக்குத்தான் என்னவோ செய்தது.

இன்னொரு பக்கம், சினிமாவில் கலை இயக்குநர் ஒருவரிடம் உதவியாளராக வரச்சொல்லி அழைப்பு. பணம் உண்டு. ஆனால் கற்பிப்பதும் நாடகமும் இரண்டுமே போய்விடும். அது வேண்டாம் என்றால், மேடையை நிறுத்திவிட்டு முனைவர் பட்டத்தை முடித்து, நிரந்தர வேலைக்கு முயல வேண்டும். இதுதான் கேள்வி.

பேச்சுவாக்கில், “மிங் சோ லீ மாதிரி ஒரு ஆளுக்கு எப்படி சார் ரெண்டும் முடிஞ்சுது?” என்றான். யார் என்று எனக்குத் தெரியவில்லை. கைபேசியில் சில படங்களைக் காட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இந்த ஒரு மாதமாக அந்த மனிதரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததைச் சொல்கிறேன்.

மிங் சோ லீ 1930இல் ஷாங்காயில் பிறந்தவர். சின்ன வயதில் சீன நிலக்காட்சி ஓவியம் கற்றவர். 1949இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். 1954இல் நியூயார்க் வந்து, அன்றைக்குப் பிராட்வேயில் பெரிய அரங்க வடிவமைப்பாளராக இருந்த ஜோ மீல்சினரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மீல்சினர் காலத்து அரங்கம் தீட்டிய திரையும் கனவு போன்ற வண்ணமும் கொண்டது. மிங் அதில் தேர்ந்துவிட்டு, அதிலிருந்து வெளியே வந்தார். 1964இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் திறந்தவெளி அரங்கில் ‘எலெக்ட்ரா’ நாடகத்துக்கு இரும்புக் குழாய்களில் சாரம் கட்டினாற்போல ஓர் அரங்கம் அமைத்தார். அமெரிக்க மேடையில் அதற்குப் பிறகு வந்த பலவற்றுக்கு அது முன்னோடி என்கிறார்கள். நம் ஊர்க் கொத்தனார் சாரம் கட்டுவாரே, அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் படம் அன்னியமாக இல்லை.

1969இல் யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினார். ஓய்வு பெற்றது 2017இல். 48 வருஷம்! அந்த 48 வருஷத்தில் பெரும்பகுதி அவர் மேடைக்கும் வேலை செய்துகொண்டே இருந்தார். நாடகம், ஆபரா, நடனம் எதையும் விடவில்லை. தைவானின் கிளவுட் கேட் நடனக் குழுவுக்குக்கூட அரங்கம் அமைத்திருக்கிறார்.

இதில் என்ன கஷ்டம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவன்தான் விளக்கினான். ஒரு நாடகத்துக்கு அரங்கம் அமைப்பது பல மாத வேலை. முதலில் பிரதியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். இயக்குநரோடு உட்கார்ந்து பேச வேண்டும். பிறகு வெள்ளை அட்டையில் சின்ன மாதிரி. அது சரிவந்தால் ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில், அதாவது 24இல் ஒரு பங்கு அளவில், வண்ண மாதிரி. அதில் நாற்காலி, படிக்கட்டு, கதவுக் கைப்பிடி எல்லாம் இருக்கும். ஆறடி மனிதன் மூன்று அங்குல பொம்மையாக நிற்பான். பிறகு தச்சருக்கும் வெல்டருக்கும் அளவு வரைபடங்கள். பட்ஜெட் தாண்டினால் மறுபடியும் முதலிலிருந்து. கடைசி வாரம் மேடையில் விளக்கோடும் ஒலியோடும் ஒத்திகை. காலையில் உள்ளே போனால் நள்ளிரவில்தான் வெளியே வர முடியும். நாடகம் அரங்கேறியதும் வடிவமைப்பாளரின் வேலை முடிந்தது. அடுத்த ஊர், அடுத்த பிரதி.

இவ்வளவுக்கும் கிடைப்பது ஒரு நாடகத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அமெரிக்காவிலும் அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த ஒரு வருஷத்தில் நிறைய நாடகம் செய்தாக வேண்டும். அதனால்தான் அங்கேயும் வடிவமைப்பாளர்கள் பலர் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு. இதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அதன் கால அட்டவணை. மேடைக்கு அதன் தேதி. ஒத்திகையின் கடைசி வாரமும் பருவத் தேர்வும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். சுபமுகூர்த்த நாளில் நாலு கல்யாணம் வருகிற மாதிரி.

மிங் அதை எப்படிச் சமாளித்தார்? அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் பேசுவது அவருடைய சனிக்கிழமை வகுப்பைப் பற்றி. வீடும் வேலைக்கூடமும் நியூயார்க்கில். யேல் இருப்பது நியூ ஹேவனில். ரயிலில் இரண்டு மணி நேரம். சனிக்கிழமை முழுநாளும் வகுப்பு. மாணவர்கள் தாங்கள் செய்த மாதிரிகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். படம் அழகாக இருக்கிறதா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். இந்த நாடகத்தைப் படித்தாயா, இந்த மனிதர்கள் எந்த உலகத்தில் வாழ்கிறார்கள், இந்த மேசை ஏன் இங்கே இருக்கிறது என்று குடைவாராம். கடுமையானவர் என்றும், அத்தனை பிரியமானவர் என்றும் அதே மாணவர்கள் சொல்கிறார்கள்.

நினைத்துப் பாருங்கள். வாரம் முழுதும் தன் மேசையில் ஒரு மாதிரி சரிவராமல் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர், சனிக்கிழமை இன்னொருவனின் சரிவராத மாதிரிக்கு முன்னால் வந்து நிற்கிறார். அவர் பேச்சில் அந்த வாரத்துச் சூடு இருக்கும்.

1983இல் ‘கே-2’ என்ற நாடகம் பிராட்வேக்கு வந்தது. உலகின் இரண்டாவது உயரமான சிகரத்தில், பனிச்சுவரின் ஒரு விளிம்பில் மாட்டிக்கொண்ட இரண்டு மலையேறிகளின் கதை. மேடை நிறைய ஒரு பனிமலைச் சுவரை எழுப்பினார் மிங். நம் தெர்மாகோல் வகையறாப் பொருளைச் செதுக்கிச் செய்தது. நடிகர் ஒவ்வொரு இரவும் அதில் நிஜமாகவே ஏற வேண்டும். அதற்காக அவருக்கு டோனி விருது கிடைத்தது. நாடகம் என்னவோ சில மாதங்கள்தான் ஓடியது. பிறகு மலையைப் பிரித்துவிட்டார்கள். இன்றைக்கு அதைப் பார்க்க வேண்டும் என்றால் புகைப்படம்தான். கோயில் கட்டிய சிற்பிக்குக் கோயில் நிற்கிறது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆனால் ஜான் லீ பீட்டி, சாண்டோ லோக்வாஸ்டோ, மைக்கேல் யர்கன் என்று டோனி விருது வாங்கிய வடிவமைப்பாளர்களின் பட்டியலைப் பார்த்தால், அவரிடம் படித்தவர்கள் வரிசையாக வருகிறார்கள். யர்கன் அதே யேலில் ஆசிரியராகவும் ஆனார். அதோடு மிங் நிற்கவில்லை. 1990இலிருந்து ஏறக்குறைய இருபது வருஷம், நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் வடிவமைப்புப் படித்து முடிக்கும் மாணவர்களை நியூயார்க்கின் லிங்கன் சென்டருக்கு வரவழைத்து, அவர்கள் வேலைகளை மேசைகளில் பரப்பிவைக்கச் செய்தார். இயக்குநர்களும் வடிவமைப்பாளர்களும் வந்து பார்ப்பார்கள். தன் மாணவன், அடுத்த கல்லூரி மாணவன் என்ற வித்தியாசம் இல்லை. 2020 அக்டோபரில், தொண்ணூறு வயதில் காலமானார்.

இதையெல்லாம் படித்தபோது முதலில் எனக்கு வந்தது பிரமிப்பு. இரண்டாவது முறை படித்தபோதுதான் வேறு சிலவும் கண்ணில் பட்டன. அவர் மனைவி பெட்ஸி அந்த வேலைக்கூடத்தின் காரியங்களை எல்லாம் கூடவே இருந்து சுமந்தார். கோப்புகளும் வரைபடங்களும் அந்த அம்மாளால் பத்திரமாக இருந்தன. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இரண்டு மணி நேரத் தூரம்தான். எல்லாவற்றுக்கும் மேலே, யேல் நாடகப் பள்ளியில் அவருக்கு முன்பே அந்த வழக்கம் இருந்தது. டொனால்ட் ஓன்ஸ்லேகர் 1925இலிருந்து அங்கே கற்பித்துக்கொண்டே பிராட்வேக்கும் அரங்கம் அமைத்தவர். மேடையில் வேலை செய்கிறவர்தான் ஆசிரியராக வேண்டும் என்று நினைத்த இடம் அது. மிங் நியூயார்க்கில் வேலை செய்வதை அவர்கள் ‘சொந்த வேலை’ என்று சொல்லவில்லை. அதற்காகத்தான் அவரை அழைத்தார்கள்.

அமெரிக்காவின் மற்றப் பல்கலைக்கழகங்களில் எல்லாம் இது சுலபமாக வந்துவிடவில்லை. விஞ்ஞானப் பேராசிரியருக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எப்படியோ அப்படி வடிவமைப்பாளருக்கு மேடை என்று வாதாடித்தான் இடம் பிடித்தார்கள். அரங்கத் தொழில்நுட்பக்காரர்களின் அமைப்பான யு.எஸ்.ஐ.டி.டி., இப்படிப்பட்ட ஆசிரியர்களின் பதவி உயர்வை எப்படி மதிப்பிடுவது என்று வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. வெளியிலிருந்து துறை தெரிந்தவர்கள் வந்து, நாடகத்தையோ அதன் மாதிரிகளையோ பார்த்து அறிக்கை எழுதுவது அங்கே ஒரு நடைமுறை.

நம் பக்கத்தில் ஆளே இல்லையா? இருந்தார்கள். தேசிய நாடகப் பள்ளியை 1962இலிருந்து 1977வரை நடத்திய இப்ராஹிம் அல்காசி, மாணவர்களோடு சேர்ந்தே பெரிய நாடகங்களைச் செய்தார். 1963இல் டெல்லி ஃபிரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளையே அரங்கமாக்கி ‘அந்தா யுக்’ நாடகத்தை நடத்தினார். அந்த மாணவர்களுக்கு அதுவே பாடம். அவரிடம் படித்த நம் சே. இராமானுஜம் ஐயா காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தவர். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையில் அவர் பங்கு பெரிது. பிறகு திருச்சூர் நாடகப் பள்ளியிலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்துக்கொண்டே ‘வெறியாட்டம்’ போன்ற நாடகங்களைச் செய்தார். அவர் முதன்மையாக இயக்குநர். என்றாலும் வகுப்பையும் மேடையையும் பிரிக்காமல் வாழ்ந்தவர். வாத்தியார் வேலை பார்த்த எங்களுக்கெல்லாம் அது ஒரு பெருமை.

விதியும் அப்படியொன்றும் எதிரி இல்லை. யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறையில் நாடகத்துக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. தேசிய நாடகப் பள்ளி போன்ற இடத்தில் முதல் வகுப்பில் தேறி, ஐந்து வருஷம் பாராட்டப்பட்ட மேடை அனுபவம் உள்ள கலைஞரை உதவிப் பேராசிரியராக எடுக்கலாம் என்கிறது. மேடை அனுபவம் தகுதி என்று உள்ளே விடுகிற கதவு அது. உள்ளே வந்த பிறகு அதே மேடைக்குப் போக மூன்று நாள் விடுப்பு இல்லை என்றால் என்ன அர்த்தம்?

சரி, என் கதைக்கு வருகிறேன். அவன் படித்து முடித்துப் போன மறுவருஷம், எங்கள் பள்ளியில் “டிராயிங் மாஸ்டருக்குப் பந்தக்காரன் வேலை எதுக்கு?” என்று ஒரு பேச்சு வந்தது. அடுத்த ஆண்டு விழாவிலிருந்து பிளெக்ஸ் பேனர். எனக்கு வருத்தம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரலாம். கையில் வஜ்ஜிர நாற்றம் இல்லை. மெல்ல மெல்ல வீட்டிலும் வரைவதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம், கரும்பலகையில் அதே பானை, அதே மாவிலை, அதே குடிசைக்குப் பின்னால் அதே மலை. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யாரும் மைதானத்தின் கடைசிக்கு ஓடிப்போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து என் தூணை எடுக்கச் சொல்லவுமில்லை. எடுக்கச் சொல்வதற்கு நான் எதையும் நட்டு வைத்திருக்கவில்லை.

‘வேலை வந்த பிறகு வச்சுக்கலாம்’ என்று அன்றைக்கு அவனுக்குச் சொன்னேனே, அதைச் செய்து பார்த்தவன் நான்தான்.

போன வாரம் அவனுடைய மாணவர்களின் நாடகம். “வாங்க சார்” என்றான், போனேன். செட் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய ஜன்னல் சட்டங்கள் ஏழெட்டைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். வெளிச்சம் மாற மாற அதுவே வீடு, அதுவே ரயில், அதுவே சிறை. பழக்கதோஷம், நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். யார் தலையும் எதற்குள்ளும் போகவில்லை.

நாடகம் முடிந்ததும் அரை மணி நேரத்தில் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் காலை அந்தக் கூடத்தில் வேறு ஏதோ விழா. ஒரு பெண் சட்டத்திலிருந்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இவன் அவள் கையிலிருந்து சுத்தியலை வாங்கி, மரத்துக்கும் சுத்தியலுக்கும் நடுவே ஒரு சின்னக் கட்டையை வைத்து நெம்பிக் காட்டினான். “இப்படி எடுத்தாத்தான் மரம் வடுப்படாது. அடுத்த நாடகத்துக்கு வேணும்ல?” அவள் அதையே செய்தாள். பக்கத்தில் நின்ற பையனுக்குச் சொல்லியும் கொடுத்தாள். அந்தக் கட்டை வைக்கும் வித்தையை நான்தான் அவனுக்கு எங்கள் பள்ளி மைதானத்தில் காட்டினேன். எனக்கு அது எங்கள் ஊர்த் தச்சர் காட்டியது.

பஸ் ஸ்டாண்டுக்கு அவன் வண்டியில் வரும்போது என் பதிலைச் சொன்னேன்.

“ரெண்டையும் விடாதடா. ஆனா ரெண்டையும் நீ ஒருத்தனே தூக்கிச் சுமக்கணும்னு நினைக்காத. சினிமாவுக்குப் போறதா இருந்தா பணத்துக்காகப் போ, தப்பில்ல. இங்க இருந்தா வெறும் ‘இல்லை’ன்னு எழுதிக் கொடுக்காத. நாலு நாடகத்தையும் தனித்தாள்ல எழுதி, மாதிரிப் படத்தோட படிவத்துல சேர்த்துக் கட்டிக் கொடு. கட்டம் இல்லைன்னா நீயே ஒரு கட்டம் போடு. ஒவ்வொரு வருஷமும் போடு.”

“வாங்கிக் குப்பையில போடுவாங்க சார்.”

“போடட்டும். உனக்குப் பின்னால வர்ற பிள்ளை கேக்கும்போது, முன்னாடியே ஒருத்தர் கேட்டிருக்கார்னு இருக்கும்ல?”

அவன் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் முடிவெடுக்கவில்லை. சினிமாக்காரர்களுக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். எந்தப் பக்கம் போனாலும் அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டு வாடகை கொடுப்பது அவன்தான், நான் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் நட்புப் பட்டியலில் கல்லூரி, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தப் படிவத்தைத் தயாரிக்கிற குழுவில் உட்காருகிறவர்களும் இருப்பீர்கள். நாடகம், இசை, ஓவியம், சிற்பம் கற்பிக்கிறவர்கள் அந்த வருஷம் என்ன செய்தார்கள் என்று எழுத ஒரு கட்டம் போடுங்கள். ஒரு அங்குல இடம் போதும்.

உங்கள் ஊர்ப் பள்ளியில், கல்லூரியில் இப்படிக் கையில் சுத்தியலோடு பாடம் நடத்திய ஆசிரியர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். பதில் போடக் கொஞ்சம் தாமதமாகும். பேத்திக்குக் கொலு வருகிறது, பின்னால் தொங்கவிட ஒரு படுதா தீட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இருபது வருஷத்துக்குப் பிறகு பிரஷ்ஷைத் தொடுகிறேன். கை நடுங்குகிறது, பார்ப்போம்.